மூக்கு டர்பினேட் குறைப்பு அறுவை சிகிச்சை: ஐந்தாண்டுக்குப் பிந்தைய அனுபவம்

கீழ் டர்பினேட் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஐந்தாண்டுகள் ஆகிவிட்டன. சிகிச்சை முடிந்த சில வாரங்களில் எழுதப்படும் அனுபவங்கள் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் முதல் மாதத்துச் சிரமமும் முதல் ஆண்டு மகிழ்ச்சியும் மூக்கின் முழுக் கதையைச் சொல்லிவிடுவதில்லை. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு சதையை எடுத்தார்கள் என்பதைவிட எவ்வளவை விட்டுவைத்தார்கள் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் நீண்டகாலப் பலனைத் தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டர்பினேட் என்பது நோயால் புதிதாக முளைக்கும் கட்டி அன்று. மூக்கின் பக்கச் சுவரிலிருந்து மேல், நடு, கீழ் என இருபுறமும் மும்மூன்றாக நீண்டிருக்கும் இந்த அமைப்பு எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. உள்ளே மெல்லிய எலும்பும், அதைச் சுற்றி இரத்தம் நிரம்பி வடியக்கூடிய நாளங்கள் மிகுந்த திசுவும், மேலே நுண்மயிர்கள் கொண்ட சளிச்சவ்வும் இருக்கின்றன. நாளொன்றுக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்று மூக்கின் வழியே செல்கிறது. அதைச் சூடேற்றி, ஈரப்படுத்தி, தூசியை வடித்து நுரையீரலுக்கு அனுப்பும் வேலையில் பெரும்பங்கு இவற்றுக்கு உரியது. ஒவ்வாமையால் ஆண்டுக்கணக்கில் வீங்கி வீங்கிச் சுருங்க மறுக்கும் நிலைக்குக் கீழ் டர்பினேட் வரும்போதுதான் மூக்கடைப்பு நிரந்தரமாகிறது.

திருப்பூரில் பின்னலாடை நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பஞ்சுத் துகள் எப்போதும் மிதந்துகொண்டிருக்கும் சூழல் அது. எனினும் ஒவ்வாமைப் பரிசோதனையில் முதன்மையாகத் தெரிந்தது வீட்டுத் தூசு உண்ணிதான். பகல் அடைப்பை எப்படியோ சமாளித்துவிடலாம்; இரவுதான் கொடுமை. வலப்பக்கம் படுத்தால் வலது துளை அடைக்கும், இடப்பக்கம் திரும்பினால் சற்று நேரத்தில் இடது துளை அடைக்கும். படுக்கும்போது கீழ்ப்பக்கத்து டர்பினேட்டில் இரத்தம் தேங்கி வீங்குவதே இதற்குக் காரணம் என்று பின்னர் மருத்துவர் விளக்கினார். வாயால் மூச்சுவிட்டுக் காலையில் நாவும் தொண்டையும் வறண்டு எழுவது பல ஆண்டுகள் எனக்கு வழக்கமாகவே இருந்தது.

அறுவை சிகிச்சைக்கு முன் மருந்துகளை முறையாகப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். உப்புநீர் கொண்டு கழுவுதல், ஒவ்வாமை மாத்திரை, ஃப்ளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்பிரே ஆகியவற்றைச் சில மாதங்கள் விடாமல் எடுத்த பிறகும் குறையாத அடைப்புக்கே கத்தியைப் பற்றிப் பேசலாம். சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் போன்ற சொட்டு மருந்துகள் வேறு வகை. ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடுவதாலேயே பலர் அவற்றை மாதக்கணக்கில் விடாமல் ஊற்றிக்கொள்கிறார்கள். சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் அவையே மூக்கை மேலும் வீங்க வைக்கும். மருந்துக்கடையில் சீட்டின்றிக் கிடைக்கும் பொருளாக அவை இருப்பது எனக்கு இன்றும் கவலை தருகிறது.

முதலில் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர், “முழுவதையும் எடுத்துவிட்டால் மறுபடி வளராது” என்றார். கேட்பதற்கு நிம்மதியாக இருந்தது. ஆனாலும் கோயம்புத்தூரில் இன்னொருவரிடம் இரண்டாம் கருத்துக் கேட்டேன். இந்தச் சிகிச்சைக்காக நான் செய்தவற்றுள் ஆகப் பயனுள்ள காரியம் அதுதான். அவர் உள்நோக்கிக் கருவியால் பார்த்தார், சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பின் சுருக்கும் மருந்தில் நனைத்த பஞ்சை மூக்கினுள் வைத்துப் பத்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்தார். மருந்துக்குத் திசு நன்றாகச் சுருங்கினால் அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் மென்திசு. சுருங்காவிட்டால் எலும்பின் பருமனோ, இரு துளைகளையும் பிரிக்கும் நடுத்தண்டின் வளைவோ காரணமாக இருக்கலாம். எனக்கு மென்திசு, எலும்பு இரண்டும் காரணமாகக் கலந்திருந்தன, நடுத்தண்டு வளைவு பெரிதாக இல்லை. எனவே சவ்வைக் காப்பாற்றிக்கொண்டு உட்திசுவை மட்டும் குறைத்து, எலும்பைச் சுவர்ப்பக்கம் தள்ளி வைப்பதே போதும் என்றார்.

முறைகள் பல. மின்சூட்டால் சுடுவது, லேசர், ரேடியோ அலைவரிசை ஆற்றலால் திசுவைச் சுருக்குவது, குறைந்த வெப்பத்தில் திசுவைக் கரைக்கும் கோப்ளேஷன், சுழலும் கத்தியால் திசுவை நறுக்கி உறிஞ்சும் மைக்ரோடிபிரைடர், பகுதியாகவோ முழுதாகவோ வெட்டி எடுப்பது எனப் பட்டியல் நீளும். மேற்பரப்பைச் சுடும் முறைகள் சளிச்சவ்வையும் சேர்த்துக் கெடுக்கின்றன. சவ்வுக்கு அடியில் சென்று குறைக்கும் முறைகள் அதைப் பெருமளவு விட்டுவைக்கின்றன. இத்தாலியில் பசாலி குழுவினர் 382 நோயாளிகளை ஆறு முறைகளுக்குப் பிரித்துச் சிகிச்சை அளித்து, ஆறாண்டுகள் கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், சவ்வுக்கு அடியில் திசுவை நீக்கி எலும்பைப் பக்கவாட்டில் தள்ளும் முறையே நீண்டகாலத்தில் சிறந்த பலன் தந்தது. எனக்குச் செய்ததும் அதையொத்த முறைதான். டர்பினேட்டின் முன்முனையில் சிறு கீறல் போட்டு, மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள மைக்ரோடிபிரைடர் முனையை உள்ளே செலுத்தித் திசுவை உறிஞ்சி எடுத்தார்கள்.

முழு மயக்கத்தில் நடந்ததால் சிகிச்சையின்போது எதுவும் தெரியவில்லை. மறுநாள் மூக்கினுள் அடைத்திருந்த பஞ்சை உருவியபோது கண்ணில் நீர் வந்தது. அது தவிர வலி என்று சொல்லும்படி ஏதுமில்லை. ஆனால் முதல் வாரம் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்திருக்கும் என்பதை ஒவ்வொருவரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்; வீக்கமும் உறைந்த இரத்தமும் பொருக்கும் அந்த நாட்களில் காற்றுக்கு வழிவிடுவதில்லை. மூக்கைச் சிந்தக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, உப்புநீரால் கழுவிக்கொண்டிருந்தபோது விரல் நீளத்துக்கு ஒரு பழுப்புநிறப் பொருக்கு, உட்புறம் வளைந்து, ஓரங்களில் உலர்ந்த இரத்தத்துடன் வாஷ்பேசினில் விழுந்தது. அடுத்த மூச்சு தொண்டையின் பின்புறம் வரை குளிர்ச்சியாகச் சென்றது. காற்றின் குளிர்ச்சியை மூக்கால் உணர்வது எப்படி என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆயிற்று.

ஐந்தாண்டுகளில் நிலைத்திருப்பது என்ன? இரவில் வாய் மூடித் தூங்குகிறேன். பக்கம் மாறிப் படுத்தால் லேசான அடைப்பு வரத்தான் செய்கிறது, எழுப்பிவிடும் அளவுக்கு இல்லை. மூக்கடைப்பை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் நோஸ் மதிப்பீடு என்ற ஐந்து கேள்விப் படிவம் உண்டு. 100க்கு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சிகிச்சைக்கு முன் கடுமையான பிரிவில் இருந்த எனது மதிப்பெண் இப்போது லேசான பிரிவில் இருக்கிறது. உணவின் மணம் தெளிவாகத் தெரிகிறது.

மாறாதவையும் உண்டு. தும்மலும் மூக்கரிப்பும் அப்படியே இருக்கின்றன. இடத்தைப் பெரிதாக்கினால் ஒவ்வாமை போய்விடாது. சில மணிநேரத்துக்கு ஒருமுறை இரு துளைகளும் மாறி மாறி வீங்கிச் சுருங்கும் சுழற்சி இயற்கையானது, அதுவும் தொடர்கிறது. குறட்டை குறைந்தது, நிற்கவில்லை. உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் உள்ளவர்கள் இந்தச் சிகிச்சையால் அது குணமாகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தூங்கும்போது முகமூடி வழியே காற்றை அழுத்தித் தரும் சிபாப் கருவியை அணிந்துகொள்வது எளிதாகலாம், அவ்வளவுதான்.

இனி, சிகிச்சைக்குச் செல்லும் எவரும் தவிர்க்காமல் படித்தறிய வேண்டிய ஒன்று வெற்று மூக்கு நோய்க்குறி. 1994இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் யூஜின் கெர்னும் மோனிகா ஸ்டென்க்விஸ்ட்டும் இதற்குப் பெயரிட்டார்கள். டர்பினேட்டுகளை அளவுக்கு மீறி இழந்தவர்களுக்கு ஸ்கேனில் மூக்கு அகலமாகத் திறந்திருக்கும். அவர்களோ மூச்சே போகவில்லை என்பார்கள். மூச்சு செல்கிறது என்பதை மூளைக்குச் சொல்வது சளிச்சவ்வில் உள்ள குளிர்ச்சி உணரும் நரம்பு முனைகள். சவ்வு போனால் அந்த உணர்வும் போய்விடுகிறது. வறட்சி, பொருக்கு, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று அவர்கள் படும் துன்பத்தை வெறும் மனப்பிரமை என்று தள்ளிவிட்ட காலம் உண்டு. டர்பினேட் இருந்த இடத்தில் ஈரப்பஞ்சை வைத்ததும் அவர்களில் பலருக்கு மூச்சு எளிதாகிவிடுகிறது. அந்தப் பரிசோதனை இன்று நோயறிய உதவுகிறது. இது அரிதானது, சவ்வைக் காக்கும் முறைகளில் இன்னும் அரிதானது. இருந்தாலும் வெட்டி எடுத்ததை எந்த மருத்துவராலும் திருப்பித் தர முடியாது என்பதால், “எவ்வளவை விட்டுவைப்பீர்கள், சவ்வுக்கு என்ன ஆகும்?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள்.

செலவைப் பற்றி ஒரு குறிப்பு: பல மருத்துவக் காப்பீடுகளில் மூக்குத் தண்டு, சைனஸ் தொடர்பான சிகிச்சைகளுக்கு 24 மாதக் காத்திருப்பு உண்டு, தேதி குறிக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றாடப் பராமரிப்பு இன்றும் தொடர்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புப் பொட்டலத்தைக் கொதிக்க வைத்து ஆறிய நீரில் கலந்து கழுவுகிறேன். குழாய்நீரை நேரடியாக மூக்கில் செலுத்துவது ஆபத்து. நன்னீரில் வாழும் அமீபா மூக்கு வழியே மூளைக்குச் சென்று தாக்கிய நிகழ்வுகள் 2024, 2025இல் கேரளத்தில் பதிவாகியுள்ளன. ஸ்டீராய்டு ஸ்பிரேயை வலது துளைக்கு இடக்கையாலும் இடது துளைக்கு வலக்கையாலும் பிடித்து, நடுத்தண்டில் படாமல் வெளிச்சுவரை நோக்கி அடிக்க வேண்டும். அப்போதுதான் மருந்து டர்பினேட்டில் படியும், மூக்கில் இரத்தக் கசிவும் குறையும். தலையணை உறைகளை வெந்நீரில் துவைக்கிறோம்.

நான்காம் ஆண்டில் இடப்பக்கம் மட்டும் மீண்டும் சற்றுத் தடித்திருப்பதை மருத்துவர் காட்டினார். தேவைப்பட்டால் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து ரேடியோ அலைவரிசையால் குறைத்துக்கொள்ளலாம் என்றார். மழைக்காலத்தில் ஸ்பிரேயைத் தவறாமல் பயன்படுத்தினால் அது தொந்தரவு தருவதில்லை. ஆகவே இப்போதைக்கு வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.