தம்பியின் இடுப்புக்கு எந்த ஆபரேஷன்?

இந்த முறை மெல்போர்னிலிருந்து குடியாத்தம் போனபோது லீவில் பாதி ஆஸ்பத்திரியிலேயே கழிந்தது. தம்பிக்கு 35 வயதுகூட ஆகவில்லை, கைத்தறி நெய்கிறான். வலது இடுப்பில் ஓயாத வலி, சில நேரம் மூட்டு அப்படியே மாட்டிக்கொள்ளும். வாதம் என்று சொல்லி வருஷக்கணக்கில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லையாம்.

எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் பிடிபட்டது: சைனோவியல் காண்ட்ரோமெட்டோசிஸ். மூட்டின் உள்சவ்வு குருத்தெலும்பு உருண்டைகளை உண்டாக்கி உள்ளேயே உதிர்க்கிற அபூர்வ நோய். சுண்ணாம்பு ஏறாத உருண்டை எக்ஸ்ரேயில் தெரியாது. இது புற்றுநோய் இல்லை. மிக அரிதாக அப்படி மாறக்கூடும் என்பதால், ஆபரேஷனில் எடுக்கும் துணுக்குகளைப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆகவேண்டும்.

வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியில் காட்டினோம். அப்பாயின்ட்மென்ட் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வேலூர் டவுன் ஆஸ்பத்திரியா, ராணிப்பேட்டைப் பக்கம் கன்னிகாபுரம் வளாகமா என்று சீட்டில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கூட்டம் எப்போதும்போலத்தான். வங்காளத்திலிருந்து ரயிலேறி காட்பாடியில் இறங்கியவர்கள் பொறுமையாகக் காத்திருக்கும்போது, பக்கத்து ஊர்க்காரர்கள் நாம் சலித்துக்கொள்ள முடியாது.

"ஒரேயடியா மூட்டையே மாத்திடச் சொல்லுப்பா" என்றார் அப்பா. சொந்தக்காரர்களும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. செயற்கை மூட்டு தேயும். இந்த வயதில் வைத்தால் பிறகு ஒருமுறை மாற்றவேண்டி வரலாம், அந்த இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம். குந்துவதிலும் சம்மணம் போடுவதிலும் கவனம் வேண்டும். தம்பி டாக்டரிடம் கேட்டதே ஒரு கேள்விதான்: "தறியில உட்கார்ந்து மிதிக்க முடியுமா சார்?"

இரண்டாவது வழி, சின்னத் துளை போட்டு கேமரா விட்டுச் செய்யும் ஆர்த்ரோஸ்கோபி. அதில் சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனால் இடுப்பு ஆழமான மூட்டு. பின்பக்கமும் அடிப்பக்கமும் கருவி எட்டுவது சிரமம், மிச்சம் தங்கினால் நோய் திரும்பும். தம்பிக்கு அங்கேதான் நிறைய.

மூன்றாவது வழி, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கான்ஸ் என்ற மருத்துவரின் குழு 2001இல் விவரித்த திறந்த முறை. தொடையெலும்பின் மேல்முனையில் ஒரு சில்லைத் தசையோடு சேர்த்து வெட்டி நகர்த்தி, அந்த எலும்பின் பந்துபோன்ற தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியைக் காப்பாற்றிக்கொண்டு, பந்தையே அது உட்காரும் இடுப்புக் கிண்ணத்திலிருந்து வெளியே எடுக்கிறார்கள். கிண்ணம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். உருண்டைகளையும் கெட்ட சவ்வையும் எடுத்தபின் சில்லை ஸ்க்ரூ போட்டுப் பூட்டிவிடுவார்கள். அந்த எலும்பு கூடும்வரை, ஆறு வாரம்போல, கால் முழுதாக ஊன்றக்கூடாது.

குருத்தெலும்பு இன்னும் நன்றாக இருப்பதால் இதையே தேர்ந்தெடுத்தோம். அது தேய்ந்துபோயிருந்தால் நானும் அப்பா பக்கம்தான் நின்றிருப்பேன். ஊன்றுகோல் வாங்கியாயிற்று, வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வேலை நடக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகும் நோய் திரும்பக்கூடும் என்பதால் அவ்வப்போது ஸ்கேன் பார்க்க வேண்டும். அந்தச் செலவு என் பொறுப்பு என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்.