பழைய ஓனரின் போனில் என் கார்

செகண்ட் ஹேண்டில் ஒரு கனெக்டெட் கார், அதாவது போன் ஆப்பிலிருந்தே இயக்கக்கூடிய கார், குறைந்த விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று உச்சிப்புளி நண்பர் நேற்று கேட்டார். அதே மாடலைத்தான் மூன்று வருஷமாக ஓட்டுகிறேன். மைலேஜ், சர்வீஸ் செலவு எல்லாம் அவருக்கே தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, போனிலிருந்தே ஏசி போடுவது. சித்திரை வெயிலில் ராமேஸ்வரம் கோயில் பக்கம் மூன்று மணி நேரம் காய்ந்த வண்டி, நாங்கள் தரிசனம் முடித்து வரும்போது குளுகுளுவென்று இருக்கும். சீட் சுட்டு குழந்தை அழுததெல்லாம் பழைய காரோடு போச்சு.

அப்புறம் அந்த போன் வந்தது. வண்டி வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் மாற்றி, இரண்டு சாவியையும் வாங்கி வைத்திருந்தேன். முன்பு வைத்திருந்தவர் பேசினார்: "அண்ணே, உங்க வண்டி பாம்பன் பாலத்துல நிக்கிதா? என் ஆப்ல இன்னும் காட்டுது, எடுத்துவிடச் சொல்லுங்க." நாங்கள் அப்போது பாலத்தில்தான் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்ல மனுஷன், அவரே கூப்பிட்டுச் சொன்னார். ஆனால் ஏழு மாதமாகக் கதவைத் திறக்கவும் வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கவும் அவர் போனிலிருந்தே முடிந்திருக்கிறது. "நான் தனியா ஏர்வாடி போன நாளெல்லாமா?" என்று மனைவி கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

சர்வீஸ் சென்டரில் ஸ்கிரீனை ரீசெட் பண்ணிவிட்டு, சரியாகிவிட்டது என்றார்கள். சரியாகவில்லை. ஸ்கிரீனில் அழிவது ப்ளூடூத் பட்டியலும் பாட்டும்தான். யார் உரிமையாளர் என்ற பதிவு கம்பெனி சர்வரில், சேசிஸ் நம்பரோடு கிடக்கிறது. காருக்குள் இருக்கும் சிம் அந்த சர்வர் சொல்வதைத்தான் கேட்கும். அதை மாற்ற பத்தொன்பது நாள் அலைந்தேன்.

இது என் ஒருவனுக்கு நடந்த கூத்து என்று விட முடியவில்லை. 2024-ல் அமெரிக்காவில் கியா கார்களின் நம்பர் பிளேட்டை மட்டும் வைத்து, உரிமையாளருக்குத் தெரியாமலே இன்னொரு பயனராகச் சேர்ந்து கதவைத் திறக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். கியா அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. அங்கேயும் பூட்டு காரில் இல்லை, சர்வரில்தான் இருந்தது.

வண்டி அருமையான வண்டி. ஆனாலும் இன்னொரு தடவை நான் வாங்க மாட்டேன். நண்பர் வாங்கியே தீருவார் என்றால், விற்பவர் தன் ஆப்பிலிருந்து காரை நண்பரின் கண்முன்னே நீக்கி, நண்பரின் போனில் ஓடிபி வந்து, கார் நண்பர் பெயரில் ஏறிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுக்கட்டும்.