பேட்டரியில் ஓடும் ஜிபிஎஸ் டிராக்கர்: நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

வண்டியின் மின்சாரத்தைத் தொடாமல், தன் சொந்த பேட்டரியில் ஓடும் ஜிபிஎஸ் டிராக்கர்களைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒன்று சரக்கு வேனில் இருக்கிறது, மற்றொன்று ஜெனரேட்டர் ஏற்றிய டிரெய்லரில். டிரெய்லரில் மின்சாரம் எடுக்க இடமே இல்லை, அதனால் வேறு வழி கிடையாது. வேனில் வயர் வகையைப் போட்டிருக்கலாம். ஆனால் பேட்டரி வகைக்கு வண்டியின் வயரிங்கில் கை வைக்க வேண்டாம், நினைத்தபோது இடம் மாற்றலாம், யாராவது வண்டியின் பேட்டரி கேபிளைக் கழற்றினாலும் அது தன் பாட்டுக்கு ஓடும். அதனால் இரண்டிலும் இதையே வைத்தேன்.

முதலில் சார்ஜ் விஷயம், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் போய் நிற்கிறது. பெட்டியின் மேல் 'மூன்று மாதம் நிற்கும்' என்று போட்டிருந்தால், ஒரு நாளைக்கு எத்தனை முறை இடத்தைச் சொன்னால் மூன்று மாதம் என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு முறை, இரண்டு முறை என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்த எண் தெரியாமல் மாதக் கணக்குக்கு அர்த்தமே இல்லை.

காரணம் எளிது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. டிராக்கர் அவற்றின் சிக்னலைக் கேட்கிறது, அவ்வளவுதான். அவற்றுக்கு எதையும் அனுப்புவதில்லை. இடத்தைச் சரியாகக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் வேண்டும். சார்ஜை மிச்சப்படுத்த வெகுநேரம் தூங்கிவிட்டு எழுந்தால், ஒவ்வொரு செயற்கைக்கோளும் 30 விநாடிக்கு ஒரு முறை ஒலிபரப்பும் சுற்றுப்பாதை விவரத்தைக் காத்திருந்து வாங்க வேண்டும். அப்புறம் சிம் போட்ட மோடம் விழித்து, டவரைப் பிடித்து, சர்வருக்குத் தகவலை அனுப்ப வேண்டும். இந்த இரண்டு வேலையும்தான் சார்ஜைக் குடிக்கின்றன. ஓயாமல் இயங்கும் கருவி சராசரியாக 60 மில்லியாம்ப் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 10,000 எம்ஏஎச் (மில்லியாம்ப்-மணி) கொள்ளளவுள்ள பேட்டரி கணக்குப்படி ஒரு வாரத்தில் காலி.

ஆகவே வாங்கும் முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டுமா, எந்த வழியாகப் போனது என்று தெரிய வேண்டுமா? முதல் கேள்விக்குப் பேட்டரி டிராக்கர் அருமையாகப் பதில் சொல்லும். இரண்டாவதற்கும் சொல்லும், ஆனால் அடிக்கடி சார்ஜ் போட வைத்துவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் கடந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்று வைத்தால், வரைபடத்தில் கோடு சாலையை விட்டு விலகி ஏரிக்கு நடுவே போகும். வேன் எந்தத் திருப்பத்தில் திரும்பியது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. வேனுக்கு ஒரு நிமிட இடைவெளியும் டிரெய்லருக்கு 12 மணி நேர இடைவெளியும் வைத்திருக்கிறேன். வேனின் கருவி வாராவாரம் சார்ஜருக்கு வருகிறது. டிரெய்லரில் இருப்பதை மாதக்கணக்கில் தொடுவதே இல்லை.

டிரெய்லர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் அதிகாலை 'அசைவு' என்று போனுக்கு எச்சரிக்கை வந்தது. உடனே ஆப்பில் நேரலைக்கு மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. கருவி எச்சரிக்கையை அனுப்பிவிட்டு மறுபடி தூங்கப் போய்விட்டது. தூக்கத்தில் மோடம் அணைந்திருப்பதால் நம் கட்டளை அதன் காதில் விழாது. அது அடுத்து எப்போது விழிக்கிறதோ அப்போதுதான் கட்டளை போய்ச் சேரும். நல்லவேளை, இடத்துக்காரர்தான் மண் லாரிக்கு வழி விட டிரெய்லரைத் தள்ளி நிறுத்தியிருக்கிறார். திருட்டாக இருந்திருந்தால் அந்த நேரம் விலைமதிப்பற்றது. அசைவு தெரிந்ததும் தானாகவே சில நிமிடத்துக்கு ஒரு முறை இடம் அனுப்பும் அமைப்பு இருந்தால் கட்டாயம் போட்டுவிடுங்கள். நான் அன்றே போட்டேன்.

கருவியை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். உலோகத்துக்குள் சிக்னல் போகாது, பிளாஸ்டிக்குக்குள் போகும். பம்பரின் உட்புறம், டேஷ்போர்டுக்கு அடியில், இருக்கைக்குப் பின்னால் என்று ஆன்டெனா பக்கம் வானத்தைப் பார்க்கும்படி வைத்தால் நன்றாக வேலை செய்கிறது. வெயில் நேரே விழும் இடத்தில் லித்தியம் பேட்டரியை வைக்கவே வைக்காதீர்கள். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வகையை வைக்கும் முன் அந்த இடத்தின் துருவையும் சேற்றையும் துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் குண்டும் குழியுமான சாலையில் நழுவிவிடும்.

நிற்கும் வண்டி நடப்பதுபோல் காட்டுவது இன்னொரு தொல்லை. சுவர்களில் பட்டுத் திரும்பும் சிக்னலால் புள்ளி அங்குமிங்கும் அலையும். வண்டி தாண்டினால் எச்சரிக்கை வரும்படி ஆப்பில் வரையும் எல்லை வட்டத்தை 50 மீட்டர் என்று இறுக்கமாக வைத்தால் நள்ளிரவில் போன் அலறும். 200 மீட்டர் வைத்தபின் எனக்கு அந்தப் பிரச்சினை ஓய்ந்தது. தரைக்கு அடியில் இருக்கும் பார்க்கிங்கில் செயற்கைக்கோள் கிடைக்காமல் சில கருவிகள் டவரை வைத்து இடத்தை ஊகிக்கும். அது கிலோமீட்டர் கணக்கில்கூட தவறலாம். புள்ளி ஜிபிஎஸ்ஸில் வந்ததா டவரில் வந்ததா என்று ஆப் காட்டுகிறதா என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

வருடங்கள் போகப்போகத் தெரிந்தது: பேட்டரிக்கு முன்பே சார்ஜ் துளையின் ரப்பர் மூடி தளர்ந்துவிடுகிறது. ஐபி67 என்பது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற தரம்தான், ஆனால் மூடி சரியாகப் பொருந்தாத கருவிக்கு அது பொருந்தாது. வேனில் இருப்பதன் மூடியை ஒவ்வொரு முறையும் விரலால் சுற்றி அழுத்திப் பார்த்த பிறகே மாட்டுகிறோம். பேட்டரியும் தேய்கிறது; புதிதில் ஓடிய நாளுக்கு இப்போது ஓடுவதில்லை. சதவீதக் கணக்கையும் முழுதாக நம்ப வேண்டாம். 20க்குக் கீழே போனால் திடீரென்று இறங்கிவிடும்.

வேன் ஓட்டும் தம்பிக்கு முதல் நாளே கருவியைக் காட்டி, எதற்காக வைக்கிறோம் என்று சொன்னேன். இப்போது 'அண்ணே, டிராக்கருக்கு சார்ஜ் போடணும்' என்று அவரே கழற்றிக் கொண்டு வருகிறார். ஒருவருக்குத் தெரியாமல் அவர் போகும் வழியைப் பின்தொடர்வது தவறு. பல இடங்களில் குற்றமும்கூட. அமெரிக்கப் போலீசார் ஒருவருடைய ஜீப்பின் அடியில் இப்படியொரு கருவியை ஒட்டி 28 நாள் பின்தொடர்ந்தார்கள், இடையில் ஒரு முறை அதன் பேட்டரியையும் மாற்றினார்கள். அப்படி ஒட்டிக் கண்காணிப்பதே அரசியலமைப்பின் வரம்புக்கு உட்பட்ட ஒரு சோதனைதான் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. போலீசுக்கே அந்த வரம்பு இருக்கும்போது நமக்கு இல்லாமல் போகுமா?

ஆப்பிளின் சின்ன வில்லையான ஏர்டேக் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அதில் ஜிபிஎஸ் கிடையாது, பக்கத்தில் ஆப்பிள் கருவி வைத்திருப்பவர் யாராவது கடந்து போனால்தான் இடம் தெரியும். ஆளில்லாத வெட்டவெளியில் நிற்கும் டிரெய்லருக்கு அது உதவாது.

அடுத்து வாங்குவதென்றால், 2ஜியில் மட்டும் ஓடும் கருவியைத் தொட மாட்டேன். பல நாடுகளில் அந்த நெட்வொர்க்கையே நிறுத்திவிட்டார்கள், நிறுத்தினால் நல்ல கருவியும் வெறும் டப்பாதான். பேட்டரியை நாமே கழற்றி மாற்றும் வசதி இருக்கிறதா என்றும் பார்ப்பேன்.