டெரெக் பார்ஃபிட்டின் ‘ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்’: மூன்றாம் பகுதியை முன்வைத்து

பிரிட்டிஷ் தத்துவவாதி பார்ஃபிட் எழுதி 1984-இல் வெளிவந்த இந்நூலின் நான்கு பகுதிகளில் மூன்றாவதைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன். நேற்றிருந்த நானும் நாளை இருக்கப்போகும் நானும் ஒரே ஆள்தான் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்ற கேள்வியை, கற்பனைச் சூழல்களைக் கொண்டு இவ்வளவு பொறுமையாகத் துருவிப் பார்த்த வேறொரு நூலை நான் வாசித்ததில்லை.

பகுதி தொடங்குவதே ஒரு செவ்வாய்ப் பயணத்தில்தான். பூமியில் உள்ள ஸ்கேனர், கதைசொல்லியின் செல்கள் அனைத்தின் நிலையையும் பதிவு செய்துகொண்டு அவருடைய உடலை அழித்துவிடுகிறது. வானொலி அலையில் செல்லும் அந்தத் தகவலைக் கொண்டு செவ்வாயில் புதிய பருப்பொருளிலிருந்து அச்சு அசலாக அதே உடல் உருவாகிறது. அன்று காலை சவரத்தின்போது மேலுதட்டில் பட்ட வெட்டுகூட அப்படியே இருக்கிறது. இது பயணமா, மரணமா என்று வாசகர் யோசித்துக்கொண்டிருக்கையில், பார்ஃபிட் கதையைச் சற்றே திருப்புகிறார். புதிய ஸ்கேனர் உடலை அழிப்பதில்லை. ஆனால் இதயத்தைப் பழுதாக்கிவிடுவதால், பூமியில் இருப்பவர் சில நாள்களில் இறக்கப்போகிறார், அதற்குள் செவ்வாயில் உள்ள தன் பிரதியோடு பேசவும் முடிகிறது. முதல் கதையில் ‘அது நான்தான்’ என்று தயங்காமல் சொன்னவர்கூட இங்கே திணறுவார். செவ்வாயில் நடந்தது இரண்டு கதைகளிலும் ஒன்றே என்பதில்தான் இந்தச் சோதனையின் கூர்மை இருக்கிறது.

அடுத்து, மூளையின் இரு பாதிகளும் இரண்டு உடல்களில் பொருத்தப்படும் சோதனை வருகிறது. மூளையில் பாதியை இழந்தும் உயிர் வாழ்ந்தவர்கள் உண்டு என்பதால், ஒரு பாதி மட்டும் பிழைத்தால் நான் பிழைத்ததாகவே கொள்ளலாம். அப்படியானால் இரு பாதிகளும் பிழைப்பது எப்படி மரணமாகும்? இருவரும் ஒருவராக இருக்க முடியாது என்பதால், நாம் உண்மையில் பொருட்படுத்த வேண்டியது அடையாளத்தை அல்ல, நினைவு, நோக்கம், குணம் ஆகியவற்றின் உளத்தொடர்ச்சியைத்தான் என்ற முடிவுக்குப் பார்ஃபிட் வருகிறார். என்னளவில் நூலின் உச்சம் இதுவே.

செல்களைச் சிறிது சிறிதாக மாற்றி ஒருவரை நடிகை கிரேட்டா கார்போவாகவே ஆக்கிவிடும் சோதனை அந்த அளவுக்கு என்னை இணங்கவைக்கவில்லை. நடுவில் எங்கும் தெளிவான எல்லை இல்லை என்று பார்ஃபிட் சொல்வதை ஏற்கிறேன். ஆனால், பாதி மாறிய அந்த மனிதர் எதை நினைவுகூர்வார், யாரைத் தன் தாய் என்பார் என்பன போன்ற பின்னணி விவரங்கள் இல்லாமல் நம் உள்ளுணர்வை எவ்வளவு தூரம் நம்புவது? 1988-இல் தத்துவவாதி கேத்லீன் வில்க்ஸ் இத்தகைய சோதனைகள் அனைத்தின் மீதும் வைத்த குற்றச்சாட்டு ஏறக்குறைய இதுதான். அதற்கு முன்பே, 1970-இல், இன்னொரு தத்துவவாதியான பெர்னார்ட் வில்லியம்ஸ் ஒரே நிகழ்வை இரு விதமாகச் சொல்லி எதிரெதிரான உள்ளுணர்வுகளை எழுப்பிக் காட்டியிருந்தார். பார்ஃபிட் அவருடைய வாதத்தை நேர்மையாக எடுத்துக்கொண்டு விரிவாகவே பதில் சொல்கிறார். ஆனால் சொல்லும் விதம் மாறினால் தீர்ப்பும் மாறும் என்ற அடிப்படைச் சங்கடம் அந்தப் பதிலுக்குப் பிறகும் தீர்வதாக எனக்குத் தோன்றவில்லை.

பெரும்பாலும் குறுகிய வாக்கியங்களில் அமைந்த தெளிவான ஆங்கில நடை என்பதால், தத்துவப் பயிற்சி இல்லாதவரும் முதல் இரு பகுதிகளைத் தாண்டி நேரே இங்கிருந்து தொடங்கலாம். புத்தரின் பார்வையைப் பேசும் பின்னிணைப்பையும் இதோடு சேர்த்து வாசிப்பது நல்லது.