ஒட்ட மறுத்த மாருத்: இரண்டரை வருடங்களுக்குப் பிறகு

2023 பிப்ரவரியில், நான் ஒட்டிக் கட்டிய மாருத் பிளாஸ்டிக் மாடல் விமானத்தின் பெயிண்ட் காய்ந்த கையோடு இதை எழுதியிருந்தால், முழுக்கத் திட்டித்தான் எழுதியிருப்பேன். அப்போது எழுதாதது நல்லதாகப் போயிற்று. லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு அலமாரியில் அந்த விமானம் இரண்டு மழைக்காலங்களைப் பார்த்துவிட்டது. அதில் ஒன்று, 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த மழை. எது தாங்கியது, எது தாங்கவில்லை என்பதை இப்போதுதான் சொல்ல முடிகிறது.

துண்டு துண்டாக வரும், நாமே ஒட்டிக் கட்டுகிற மாடல் கிட் அது. பெயர் எச்.எஃப்-24 மாருத். 1/72 அளவு. ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்த ஜெர்மானியர் குர்ட் டாங்க், பெங்களூரு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலைக்கு வந்து உருவாக்கிக் கொடுத்த போர் விமானம் இது. 1961 ஜூன் 17 அன்று முதல்முறை பறந்தது. என் பெரியப்பா எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே ஃபிட்டராக இருந்தவர். மாருத் அவர் கைபட்ட விமானம். அவருக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் வாங்கினேன்.

அளவைக் குறை சொல்ல முடியாது. நிஜ விமானத்தின் நீளம் 15.87 மீட்டர், 72-ஆல் வகுத்தால் 22 சென்டிமீட்டர். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. தனித்தனியாக ஒவ்வொரு துண்டும் அழகு. இரண்டைச் சேர்க்கும்போதுதான் சிக்கல். உடல் பாகத்தின் இரண்டு பாதிகளிலும் பொருத்துகிற முளைகளே இல்லை. மூக்கைச் சேர்த்தால் வால் பக்கம் ஒரு பாதி மேலே, ஒரு பாதி கீழே என்று படி விழுகிறது, வாலைச் சேர்த்தால் மூக்கு விலகுகிறது. இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. கேட்கச் சின்னதாகத் தெரியும். நிஜ விமானத்தில் அது ஏழு சென்டிமீட்டர், கை நுழையும்! காற்று உள்ளே போகும் பக்கவாட்டு வாய்கள் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கவில்லை. மாருத்துக்கு நடுவில் இடுப்பு ஒடுங்கிய உடல். அந்த வளைவில் படி விழுந்தால் அரம் போட்டுச் சமன் செய்வது பெரும்பாடு, வளைவே தட்டையாகிவிடும்.

இரண்டு வாரம் ஒட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தேன். அப்புறம் பெரியப்பாவுக்கு போன் போட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஜிக் போட்டியாடா?" என்றார். "கையில புடிச்சிக்கிட்டே சேர்த்தா எதுவும் சேராது. அது அசையாம நிக்க முதல்ல ஒரு இடம் பண்ணு."

தெர்மோகோலில் இறக்கையின் சாய்வுக்கு ஏற்ப ஒரு தொட்டில் வெட்டினேன். உடல் பாதிகளை ஒரே நேரத்தில் ஒட்டாமல், மூக்கிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் ஒட்டி, ஒரு ராத்திரி விட்டு, அடுத்த இரண்டு சென்டிமீட்டர் என்று போனேன். உள்பக்கம் அங்கங்கே பிளாஸ்டிக் பட்டைகளை ஒட்டி, முளை இல்லாத குறையை அவற்றால் தீர்த்தேன். உடல் சேர ஆறு நாள் ஆயிற்று. படி முக்கால்வாசி மறைந்துவிட்டது. விளக்கத்தாளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இடைவெளிகளை மூன்று விதமாக அடைத்தேன். இடது இறக்கைக்கு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகினேன். முதுகில் இரண்டு பாதிகளும் சேரும் தையலுக்கு, துண்டுகளைப் பிரித்தெடுத்தபின் கிட்டில் மீந்த பிளாஸ்டிக் சட்டத்தைப் பொடியாக வெட்டி, கிட் ஒட்டும் திரவப் பசையில் கரைத்துக் குழம்பாக்கிப் பூசினேன். வலது இறக்கைக்கு மட்டும் பட்டி. வில்லியனூர் ரோட்டில் கார் டிங்கரிங் செய்கிற அண்ணன் ஒருவரிடம் வாங்கியது. "மொத்தமா அப்பாதீங்க தம்பி, மெல்லிசா மெல்லிசா வைங்க, நடுவுல காய விடுங்க" என்றார். எனக்கு அவசரம். ஒரே தடவையில் அப்பினேன்.

பெயிண்டைப் பற்றி ஒன்றே ஒன்று. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் லேக்கர் பெயிண்ட் அடிக்காதீர்கள். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்து, நிறம் வெள்ளை பூத்துவிடும். நான் பிப்ரவரி வரை காத்திருந்தேன்.

இரண்டரை வருடத்துக்குப் பின் நிலவரம் இது. தகடு செருகிய இடது இறக்கை அசையவில்லை, கோடுகூடத் தெரியவில்லை. முதுகில் பூசிய குழம்பு காய மூன்று வாரம் எடுத்தாலும் இன்றும் அப்படியே இருக்கிறது. உடலும் அதுவும் ஒரே பிளாஸ்டிக் அல்லவா. பட்டி வைத்த வலது இறக்கை மட்டும் உள்வாங்கி, முடி அளவுக்கு ஒரு கோடு விழுந்திருக்கிறது. டிங்கரிங் அண்ணன் சொன்னது சரி.

பெரிய அடி மூக்கில். மூக்கில் எடை வைக்காவிட்டால் விமானம் வால் குத்தி உட்கார்ந்துவிடும். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை வாங்கி, வெள்ளைக் கோந்து ஊற்றி உள்ளே நிறுத்தியிருந்தேன். இந்த ஜூன் மாதம் மூக்குத் தையல் பிளந்திருந்தது. கிட்டைத்தான் முதலில் சபித்தேன். சக்கரக் குழி வழியாக வெட்டிப் பார்த்தால், ஈயம் முழுக்க வெள்ளைப் பொடி பூத்து உப்பியிருந்தது. கோந்திலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் ஈயத்தை அரிக்கிறது. அரித்த ஈயம் பருத்து, மூடிய இடத்தில் இருந்தால் சுவரையே பிளந்துவிடும். ஈரக்காற்று அதற்குத் துணை. அந்தப் பிளவுக்கும் கிட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஈயத்தையும் கோந்தையும் தயவுசெய்து ஒன்றாக அடைக்காதீர்கள். அந்தப் பொடி விஷம். துடைத்த துணியை வீசிவிட்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

வாங்கலாமா என்றால், முதல் கிட்டாக வேண்டாம். நாலைந்து விமானம் கட்டி, அரம் பிடிக்கத் தெரிந்தவருக்கு, மாருத்மேல் ஆசையும் இருந்தால் வாங்கலாம். மூன்று மாதத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். தொட்டில் செய்யாமல் பசையைத் திறக்காதீர்கள்.

இப்போது மூக்கில் பித்தளை நட்டுகளை எபாக்ஸி பசையில் பதித்து மூடியிருக்கிறேன். பெரியப்பா தீபாவளிக்கு வருகிறார், அப்போது கொண்டுபோகிறேன் என்கிறார். மழை முடியட்டும், மூக்கை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் பொங்கலுக்கு நானே கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.