மண் அணைக்குக் 'கண்காணிப்பு' விற்க வருகிறார்கள்: தோட்டக்காரர்கள் உஷார்

கொடைக்கானல் கீழ்மலை, ஏற்காடு, வால்பாறைப் பக்கம் தோட்டத்துக்குள் சொந்தமாகக் குளமோ மண் அணையோ வைத்திருப்பவர்கள் இதை முழுக்கப் படித்துவிடுங்கள். "அணைப் பாதுகாப்புச் சட்டப்படி கண்காணிப்புக் கருவி கட்டாயம், சான்றிதழ் இல்லாவிட்டால் கேஸ் வரும்" என்று சொல்லிக்கொண்டு ஒரு நிறுவனம் சுற்றுகிறது. எங்களிடம் நான்கே முக்கால் லட்சம் வாங்கிக்கொண்டு, நன்றாக இருந்த கரையையும் பழுதாக்கிவிட்டார்கள். பெயர் போடக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். வேலை செய்யும் விதத்தைச் சொன்னாலே தெரிந்தவர்களுக்குப் புரியும்.

எங்கள் தோட்டம் தாண்டிக்குடிப் பக்கம். காப்பி, மிளகு. தாத்தா காலத்தில் ஓடையை மறித்துப் போட்ட கரை, உயரம் 7 மீட்டர். நடுவில் களிமண், அடியில் இரும்புக் குழாய் மதகு, ஓரத்தில் கலிங்கு, அதாவது குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடம். கரைக்குக் கீழே தொழிலாளர்களின் லயன் வீடுகள் இருக்கின்றன. அங்கே குடும்பங்கள் தூங்குகின்றன என்பதால்தான் கண்காணிப்பு என்ற பேச்சுக்கே காது கொடுத்தோம்.

முதலில் அந்தச் சட்டம். அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பரில் வந்தது உண்மை. ஆனால் அது 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கு. 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் கூடுதலாக ஒரு நிபந்தனையாவது பொருந்த வேண்டும்: கரை நீளம் 500 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டராவது இருக்க வேண்டும், இந்த மாதிரி சில. 7 மீட்டர் கரை இதில் எங்கேயும் வராது. வந்த ஆள் சட்டத்தின் முதல் பக்கத்தையும் தண்டனைப் பிரிவையும் மட்டும் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்திருந்தார். நடுவில் இருக்கும் உயரக் கணக்கு அந்தத் தாள்களில் இல்லை.

சட்டத்துக்குள் வரவில்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிக்கும் ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர் வழக்கே ஒரு தனியார் நீர்த்தேக்கம் பற்றியதுதான். இங்கிலாந்தில் லங்காஷயரில் ஒரு ஆலைக்காரர் ஆள் வைத்துத் தேக்கம் கட்டினார். அடியில் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகள் இருந்தன, கட்டியவர்கள் அவற்றைச் சரியாக அடைக்கவில்லை. தண்ணீர் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. 1868இல் கடைசித் தீர்ப்பு வந்தபோது பணம் கட்ட வேண்டியவர் ஆலைக்காரர்தான். கூலிக்கு வைத்த ஆள் செய்த கோளாறுக்கும் தண்ணீரைத் தேக்கியவன் பதில் சொல்ல வேண்டும். கென்யாவில் சோலாய் என்ற ஊரில் 2018 மே 9 இரவு ஒரு தனியார் பண்ணையின் மண் அணை உடைந்து 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். இந்த பயம் நியாயமானது. அதை வைத்துத்தான் வியாபாரம் பண்ணுகிறார்கள்.

அவர்கள் கொடுத்த பேக்கேஜில் மூன்று பீசோமீட்டர், கசிவை அளக்க ஒரு வி-நாட்ச் (வி வடிவில் வெட்டிய தடுப்பு, அதில் தண்ணீர் நிற்கும் உயரத்தை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடலாம்), மாதாமாதம் அறிக்கை, வருடத்துக்கு ஒரு சான்றிதழ். பீசோமீட்டர் என்பது கரைக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்கும் குழாய். துளை போட்டு, கீழ்முனையில் ஓட்டைகள் உள்ள குழாயை இறக்கி, சுற்றிலும் மணல் போட்டு, அதற்கு மேல் பென்டோனைட் களிமண்ணால் அடைக்க வேண்டும். மேலே பெய்கிற மழை குழாயோரமாக இறங்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த அடைப்பு.

இரண்டு குழாய்களை நாங்கள் ஊரில் இல்லாதபோது நட்டார்கள். மூன்றாவதை மட்டும் எங்கள் முன்னால், கரையின் உச்சியில் நடுவாக, மெஷின் வைத்துப் போட்டார்கள். தண்ணீரை அழுத்தத்தோடு செலுத்தித் துளைத்தார்கள். பாதி ஆழத்தில் உள்ளே போன தண்ணீர் திரும்பி மேலே வரவே இல்லை. எங்கள் காவல்கார அண்ணன் அப்போதே கேட்டார், "சார், டேங்கர்ல பாதி காலி, தண்ணியெல்லாம் எங்க போவுது?" "மண்ணு குடிக்குது பெரியவரே" என்று பதில் வந்தது.

மண் குடிக்கவில்லை. நடுக் களிமண் அந்த அழுத்தத்தில் விரிசல் விட்டிருக்கிறது. பழைய மண் கரையின் நடுவில் இப்படித் தண்ணீர் வைத்துத் துளைப்பதைத் தெரிந்த பொறியாளர்கள் தவிர்ப்பார்கள், இந்த ஆபத்துக்காகவே. உலர்வாகத் துளைக்கும் முறை இருக்கிறது. செலவு கூடும், நேரமாகும், அவ்வளவுதான்.

அறிக்கைகள் மட்டும் மாதம் தவறாமல் வந்தன. கலர் வரைபடம், கையெழுத்து, முத்திரை. கார்த்திகையில் கலிங்கு வழிந்தபோதும் மூன்று குழாயிலும் என்ன அளவோ, சித்திரையில் குளத்தின் தரை தெரிந்தபோதும் அதே அளவு. காய்ச்சல்காரனைத் தொடாமலே 98.6 என்று எழுதுகிற மாதிரி. விளக்கம் கேட்டபோது, "மட்டம் மாறவில்லை என்றால் கரை ஸ்டெடியாக இருக்கிறது என்று அர்த்தம் சார்" என்றார்கள். குளத்து மட்டம் ஏறி இறங்கும்போது கரைக்குள் இருக்கும் தண்ணீரும் கொஞ்சம் பிந்தியாவது அசையத்தான் செய்யும். வருடம் முழுக்க அளவு அசையவில்லை என்றால், ஒன்று குழாய் அடைபட்டிருக்கும், இல்லையென்றால் யாரும் அதைப் பார்க்கவே இல்லை.

அடுத்த ஐப்பசி மழையில் கரையின் வெளிச்சரிவில், மதகுக் குழாய்க்குச் சற்று மேலே, ஈரம் தெரிந்தது. அவர்களைக் கூப்பிட்டோம். வந்து அந்த இடத்தைச் சிமெண்ட் வைத்துப் பூசி, அதற்குத் தனி பில்லும் கொடுத்தார்கள். இந்தப் பதிவில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: வெளிச்சரிவில் வரும் கசிவை அடைக்கவே கூடாது. தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் போனால் கரைக்குள் மட்டம் ஏறும், சரிவு ஊறிச் சரியும், அல்லது வேறொரு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். தண்ணீரை வரவிட வேண்டும், கூடவே மண் வராமல் தடுக்க வேண்டும். அதற்கு மணல், மேலே சல்லி, அதற்கும் மேல் கல் என்று அடுக்கிய வடிகட்டிதான் மருந்து.

பூச்சு போட்ட கொஞ்ச நாளில் காவல்கார அண்ணன் போன் செய்தார். "தம்பி, மதகுக் குழாயோரமா தண்ணி வருது. கலங்கலா வருது." தெளிவாக வரும் கசிவு பெரும்பாலான மண் அணைகளில் இருப்பதுதான். கலங்கலாக வந்தால் கரையின் மண்ணைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு வருகிறது என்று பொருள். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் லான் லேக் என்று ஒரு அணை, தனியார் பாசனக் கம்பெனியுடையது, உயரம் சுமார் 8 மீட்டர், எங்களுடையதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மதகுக் குழாயும் வால்வும் சேரும் இடத்தில் ஈய அடைப்பு கெட்டுக் கசிந்து, உள்ளேயே மண்ணை அரித்து, 1982 ஜூலை 15 விடியற்காலையில் உடைந்தது. மூன்று பேர் இறந்தார்கள்.

அன்றே லயன் வீட்டுக்காரர்களை மேட்டில் இருக்கும் ஸ்டோருக்கு மாற்றினோம். நிறுவனத்தின் 'இருபத்திநாலு மணி நேர அவசர எண்' எடுக்கப்படவில்லை. பொதுப்பணித்துறையில் ஏரிகளைப் பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் தெரிந்தவர் மூலம் வந்தார். முதலில் பூச்சை உடைத்து எடுக்கச் சொன்னார். கசிவு வாயில் மணலும் சல்லியும் போட்டு மேலே கல் அடுக்கினோம். பயத்தில் மதகை முழுக்கத் திறக்கப் போனவர்களைத் தடுத்தார். நாளைக்கு ஒரு அடிக்கு மேல் இறக்காதீர்கள், வேகமாக வடித்தால் ஊறிய உள்சரிவு தண்ணீருக்குள்ளேயே சரிந்துவிடும் என்றார்.

அப்புறம் அந்தக் குழாய்களைப் பார்த்தார். ஒன்றைக் கையால் இழுத்தார், வந்துவிட்டது! நான்கு அடி பிவிசி, அடியில் மூடி போட்டு ஒட்டியிருந்தது. ஒரு ஓட்டைகூட இல்லை. அறிக்கையில் அதன் ஆழம் 5.2 மீட்டர். வி-நாட்ச் கணக்கைப் பார்த்துச் சிரித்தே விட்டார். 90 டிகிரி வெட்டில் தண்ணீர் 5 செ.மீ. உயரம் நின்றால் வினாடிக்கு முக்கால் லிட்டர் போல ஓடும். 10 செ.மீ. நின்றால் நாலரை லிட்டருக்குப் பக்கம் வரும். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்கு ஆகும். இவர்கள் அறிக்கையில் 5 செ.மீ.க்கு 0.8, 10 செ.மீ.க்கு 1.6. மேசையில் உட்கார்ந்து எழுதியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இப்போது மதகுக் குழாயைச் சுற்றித் தோண்டி வடிகட்டி வைத்துக் கட்டியாயிற்று. கரை மேல் வளர்ந்திருந்த மரங்களை என்ன செய்வது என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை, வெட்டினாலும் வேர் மக்கித் தண்ணீருக்கு வழி விடும். வாரம் ஒரு தடவை காவல்கார அண்ணன் குளத்து மட்டம், மழை, கசிவு, தண்ணீர் தெளிவா கலங்கலா என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறார். நண்டு வளை, எலி வளை, ஈரத்தில் மட்டும் தழைக்கும் புல் இவற்றையும் பார்க்கிறார். மழை நாட்களில் தினமும்.

உங்களிடம் இப்படி யாராவது வந்தால், பணம் கொடுப்பதற்கு முன் அவர்கள் வேறு அணையில் எடுத்த அளவுகளை ஒரு முழு வருடத்துக்குக் கேளுங்கள், அதே தேதிகளின் குளத்து மட்டத்தோடு சேர்த்து. கரையில் துளை போடுவதென்றால் எந்த முறை என்று எழுத்தில் வாங்குங்கள். குழாய் இறக்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும்.

பணம் திரும்ப வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். தோட்டம் வணிக நோக்கத்துக்கானது, ஆகவே நாங்கள் நுகர்வோரே இல்லை என்பது அவர்கள் தரப்பு வாதம். குழாயும் அறிக்கைகளும் பூச்சுக்கான பில்லும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. மனு போட இரண்டு வருடம்தான் கெடு என்பதால், இதே ஆட்களிடம் மாட்டியவர்கள் தள்ளிப்போடாமல் உங்கள் அறிக்கைகளை எடுத்து, ஐப்பசியையும் சித்திரையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.