மெல்லிசைக் குழுவுக்கு மைக் செட்: ஸ்பீக்கருக்குச் செலவழிப்பதா, மிக்ஸருக்கா?

கல்யாண வரவேற்பும் கோயில் கொடையும்தான் எங்கள் குழுவுக்குப் பிழைப்பு. சொந்தமாக மைக் செட் வாங்கலாமா என்று பேச்செடுத்தாலே எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ்?" மேடையில் நிற்கும் பாடகிக்குத் தன் குரல் கேட்குமா என்று யாரும் கேட்பதில்லை. அது கேட்காவிட்டால் சுருதி விலகும், தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாட வேண்டியிருக்கும். வெளியே எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் பாக்ஸ் வைத்தாலும் அந்தச் சுருதி விலகல்தான் பெரிதாகக் கேட்கும். எல்லா மைக்கையும் வாத்தியத்தையும் கலந்து, மேடையில் யாருக்கு என்ன கேட்க வேண்டும் என்று பிரித்து அனுப்புவது மிக்ஸர்தான். அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மிக்ஸர் சொந்தமாக இருக்கட்டும், ஸ்பீக்கரை மண்டபத்தின் அளவுக்கு வாங்குங்கள், திடல் கச்சேரிக்கு வாடகைக்கு எடுங்கள்.

ஸ்பீக்கரில் நம் ஊரில் மூன்று வழி இருக்கிறது. ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) தனியாக, பாக்ஸ் தனியாக வைக்கும் பழைய முறை ஒன்று. ஆம்ப் உள்ளேயே இருக்கும் பவர்டு பாக்ஸ் இன்னொன்று. மெல்லிய தூண் போல நிற்கும் காலம் (column) ஸ்பீக்கர் மூன்றாவது.

பழைய முறையின் பெரிய பலம் பழுது பார்ப்பதுதான். கோன் கிழிந்தால் பக்கத்து ஊரிலேயே மாற்றிவிடலாம், ஆம்ப் போனால் இன்னொரு ஆம்பை வைத்து ஓட்டிவிடலாம். பவர்டு பாக்ஸில் உள்ளிருக்கும் போர்டு போனால் சர்வீஸ் சென்டருக்குத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் ஆம்ப் ரேக்கின் எடை, தடிமனான ஸ்பீக்கர் கேபிள், ஆம்புக்கும் பாக்ஸுக்கும் பொருத்தம் பார்ப்பது எல்லாம் சேர்ந்தால், வேனில் வாத்தியங்களோடு போகிற குழுவுக்கு அது சுமை. எங்களைப் போன்றவர்களுக்குப் பவர்டு பாக்ஸ்தான் சரி.

சரி, அதில் எது? யமஹா டிபிஆர்12, எலக்ட்ரோ-வாய்ஸ் இசட்எல்எக்ஸ்-12பி இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 12 அங்குல ஸ்பீக்கர், இரண்டுக்கும் 1000 வாட்ஸ் என்று போட்டிருக்கும், எடையும் 16 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் உச்ச ஒலி அளவு என்று நிறுவனங்கள் கொடுக்கும் எண்ணைப் பாருங்கள்: யமஹாவுக்கு 131 டெசிபல், மற்றதற்கு 126. வாட்ஸை இரு மடங்காக்கினால் கூடுவதே 3 டெசிபல்தான். அந்தக் கணக்கில் இந்த 5 டெசிபல், மூன்று மடங்குக்கும் மேற்பட்ட ஆம்ப் சக்திக்குச் சமம். அளக்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். உங்கள் மைக்கைக் கொண்டுபோய் இரண்டையும் அருகருகே வைத்துப் பாடிப் பாருங்கள். வாட்ஸை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதற்கு இந்த ஜோடியே போதும்.

திறந்த வெளியில் தூரம் இரு மடங்காகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 131 என்றால் 20 மீட்டரில் 105, 40 மீட்டரில் 99. அதுவும் உச்சத்தில், பாட்டின் சராசரி அளவு இன்னும் கீழேதான் இருக்கும். ஆகவே ஸ்டாண்டில் ஆட்களின் தலைக்கு மேலே ஏற்றி வைத்த இரண்டு 12 அங்குலப் பாக்ஸும், அடி ஒலிக்கென்று ஒரு சப்வூஃபரும் நடுத்தர மண்டபத்துக்குத் தாராளம். கொடைத் திடலுக்குக் காணாது.

காலம் ஸ்பீக்கரை நான் ஒதுக்கமாட்டேன். போஸ் எல்1 ப்ரோ16 பக்கவாட்டில் 180 டிகிரிக்கு ஒலியைப் பரப்பும். முன்வரிசைக்காரர் காதைப் பொத்திக்கொள்ளாமலும் பின்வரிசைக்காரர் எழுந்து வராமலும் கச்சேரி நடக்கும். நான்கு பேர் மட்டும் உட்கார்ந்து வாசிக்கும் சிறிய வரவேற்புக்கு அழகான தேர்வு. தவில், பறை, ரிதம் பேட் எல்லாம் சேர்ந்த குழுவுக்கு அதன் அடி ஒலி போதவில்லை என்பது என் காதின் தீர்ப்பு.

இனி மிக்ஸர். கடைக்குப் போகுமுன் உங்கள் குழுவுக்கு எத்தனை இணைப்பு வேண்டும் என்று எண்ணுங்கள். எங்கள் கணக்கு இது: பாடகர்கள் நான்கு, தொகுப்பாளர் ஒன்று, இரண்டு கீபோர்டும் ஸ்டீரியோவில் நான்கு, ரிதம் பேட் இரண்டு, தபலா இரண்டு, டோலக் இரண்டு, பேஸ், கிதார், புல்லாங்குழல் ஆளுக்கு ஒன்று. மொத்தம் 18. அப்புறம் ஆக்ஸ், அதாவது மேடையில் இருப்பவர்களுக்குத் தனித்தனிக் கலவையை அனுப்பும் வழி: எத்தனை பேருக்குத் தனித்தனியாகக் கேட்க வேண்டுமோ அத்தனை வேண்டும்.

யமஹா எம்ஜி16எக்ஸ்யூ அனலாக் மிக்ஸர். கையை வைத்தால் உடனே வேலை செய்யும், யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் பெயரில் 16 இருந்தாலும் மைக் வாய் 10தான். ஆக்ஸ் நான்கு, அதிலும் எக்கோ போன்ற எஃபெக்டுக்கு ஒன்று போய்விடும். ஐந்தாறு பேர் குழுவுக்கு இதைவிட நிம்மதியான பொருள் கிடையாது. எங்களுக்குப் பத்தாது.

பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 டேப்லெட்டில் இயங்குவது. மைக் வாய் 16, கீபோர்டு போன்றவற்றைச் செருகும் லைன் வாய் 2, ஆக்ஸ் 6. ஒவ்வொரு ஆக்ஸுக்கும் ஒலியை 31 பட்டைகளாகப் பிரித்துக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ உள்ளேயே இருப்பதால், மானிட்டர் (மேடையில் பாடகரைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர்) கூவும் இடத்தைப் பிடித்து அதை மட்டும் வெட்டலாம். அனலாக்கில் இதற்குத் தனி ரேக் வேண்டும். எங்கள் 18 இதில் கச்சிதமாக அடங்கும், ஆனால் இடைவேளைப் பாட்டுக்கு ஃபோனைச் செருக ஓர் ஓட்டை மிஞ்சாது.

சவுண்ட்கிராஃப்ட் யூஐ24ஆர் அந்த இடத்தில்தான் முந்துகிறது. மைக் வாய் 20, லைன் 2, ஆக்ஸ் 8. ப்ரவுசரிலேயே திறப்பதால் தபலாக்காரர் தன் ஃபோனில் தன் மானிட்டரைத் தானே சரிசெய்துகொள்ளலாம். ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாகப் பென்டிரைவில் பதிவு செய்யும்; மறுநாள் கேட்டு யார் எங்கே தவறினோம் என்று பார்த்துக்கொள்ளலாம். எங்கள் தேர்வு இதுதான்.

ஒரே பயம் வைஃபை. ஒரு வரவேற்பில் மண்டபம் நிறைந்து எல்லோர் கையிலும் ஃபோன் வந்ததும், நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த டேப்லெட் மிக்ஸரோடு தொடர்பு அறுந்துவிட்டது. ஒரு பாட்டு முழுக்கப் புல்லாங்குழல் கேட்கவே இல்லை. பாவம், அவர் வாசித்துக்கொண்டே என்னைத்தான் பார்த்தார். இப்படிப்பட்ட மிக்ஸர் எதை வாங்கினாலும் உள்ளிருக்கும் வைஃபையை நம்பாமல், 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் தனி ரவுட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லேப்டாப்பையும் கேபிளில் இணைத்து வையுங்கள். ஜெனரேட்டர் மாறும் நேரத்தில் மிக்ஸர் அணைந்து எழாமலிருக்க, மிக்ஸருக்கும் ரவுட்டருக்கும் மட்டும் ஒரு சிறிய யூபிஎஸ். ஃபேடரை, அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபிடியை, கையால் தொட்டே ஆக வேண்டும் என்பவர்கள் பெஹ்ரிங்கர் எக்ஸ்32 காம்பாக்ட் பக்கம் போகலாம். ஆனால் அதில் மைக் வாய் 16தான். கூடுதலாக வேண்டுமானால், மேடையில் வைத்து மைக் செருகும் ஸ்டேஜ் பாக்ஸுக்கு வேறு செலவு.

திடல் கச்சேரியில் மிக்ஸரிலிருந்து இடது, வலது என்று இரண்டே கேபிளை சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கொடுத்துவிடுகிறோம். அவருடைய பாக்ஸ் எதுவாக இருந்தாலும் எங்கள் பாடகர்களின் மானிட்டர் நேற்று மண்டபத்தில் சேமித்து வைத்தபடியே இருக்கிறது. சவுண்ட் செக்கில் ஈக்யூவை மட்டும் கொஞ்சம் தொட்டுவிட்டு, முதல் பாட்டுக்குப் போய்விடுகிறோம்.